மண்டூர் மடத்தில் ஆறின சோறு

இதை எழுதும்போது என்னுடைய இரண்டு காலும் ஒரு சட்டி வெந்நீருக்குள் இருக்கின்றன. உப்புப் போட்ட வெந்நீர். மடியில் கடதாசி, கையில் பென்சில்.

மூன்று கிழமையாக இந்த இடத்தில் என் எழுத்தைக் காணவில்லையே என்று சிலர் தேடியிருக்கிறீர்கள். சந்தோசம். பத்திராதிபர் ஐயா அந்த இடத்தில் வீட்டு வைத்தியக் குறிப்புப் போட்டிருந்தாராம். அது இதைவிட உபயோகமாக இருந்தது என்று ஒரு வாசகர் கடிதமே எழுதியிருக்கிறார்... இருக்கட்டும். அவருக்கும் முருகன் துணை.

நான் கதிர்காமம் போயிருந்தேன். நடந்து.

திரும்பி வந்த அன்றைக்கே எங்கள் ஊர்த் தபால்காரர் கேட்டார் — இப்போதுதான் மோட்டார் பஸ் ஓடுகிறதே, இன்னும் எதற்கு நடக்கிறீர்கள் என்று. யார் கேட்கிறது? சைக்கிளைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு, ஒரு மாதமாக ஊர் முழுக்க நடந்து கடிதம் கொடுக்கிற மனிசன்!

அவருக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கிழமை எழுதுகிறேன். முழு நடையையும் சொல்ல என் மூன்றாம் வகுப்புப் படிப்புத் தாங்காது. ஒரு நாளைச் சொல்கிறேன். இரண்டாம் நாள். கொக்கட்டிச்சோலையிலிருந்து மண்டூர் வரைக்கும்.

எங்களுடையது செட்டிபாளையத்துக் கூட்டம். ஆடி பிறந்தால் வள்ளத்தில் ஆற்றைக் கடந்து — வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம் — மற்றக் கரைக்குப் போவோம். முதல் இரவு கொக்கட்டிச்சோலையில். அங்கே கும்பிட்டு, அடுத்த நாள் விடியத்தான் உண்மையான நடை தொடங்கும். பகல் முழுக்க நடை. பொழுது சாய்ந்தால் வழியில் உள்ள மடம். யாரோ கட்டி வைத்த மடம், யாரோ போட்ட அரிசி, யாரோ வெட்டி வைத்த விறகு. ஆறு ஏழு மணிக்கு ஒரு சோறு. படுக்கை. மறுபடி விடிந்தால் நடை. இப்படியே இரண்டு கிழமைக்கு மேல்.

நடை தொடங்கிவிட்டால் ஒருவருக்கும் பெயர் கிடையாது. எல்லாரும் சாமி. வயல் வைத்திருக்கிற போடியாரும் சாமி. அவருடைய வயலில் கதிர் வெட்டுகிறவரும் சாமி. சண்டை பிடித்தாலும் சாமி என்று கூப்பிட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

எங்கள் அடுத்த வீட்டு நாகம்மா மாமியின் வாயில் அது எப்படி வரும் தெரியுமா?

"சாமி, நீங்க நாசமாப் போக, கொஞ்சம் தள்ளிப் படுங்க சாமி."

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. மாமி நடக்கிறதில் கடைசி, கதைக்கிறதில் முதல். வெயில் தாங்குவார், முள்ளுத் தாங்குவார். பசி மட்டும் அரை மணித்தியாலம் தாங்கமாட்டார்.

முன்னுக்கு வேல் பிடித்துப் போகிறவர் கந்தப்போடி மாமா. ஆள் நெட்டை. வேல் அதைவிட நெட்டை. அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டு நாங்கள் பின்னால் போவோம்.

சரி. கூட்டத்துக்கு முன்னால் யார் போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். பின்னால் யார் வருகிறார் என்று யாராவது திரும்பிப் பார்க்கிறோமா?

இனி என் அக்காவைச் சொல்ல வேண்டும்.

இந்தப் பத்தியில் எங்கள் வீட்டுக் கோழியை எழுதியிருக்கிறேன். ஆட்டை எழுதியிருக்கிறேன். எங்கள் வேலியைப் பிரித்த கள்ளனைக்கூட எழுதியிருக்கிறேன். அக்காவை எழுதவில்லை. எழுதப் போனால் பென்சில் நகராது. ஆள் இல்லாமல் போய் ஒரு வருசத்துக்கு மேலாகிவிட்டது... இன்றைக்கு எழுதுகிறேன். கால் வெந்நீரில் இருப்பதால் எழும்பி ஓடவும் முடியாது.

அக்காவின் பெயர் பறுவதம். ஏழு முறை கதிர்காமம் நடந்தவள். ஏழு முறையும் வரிசையில் கடைசி ஆள். நடக்கத் தெரியாமல் அல்ல. அவள் ஒரு எட்டு வைத்தால் நான் மூன்று எட்டு வைக்க வேண்டும். பின்னுக்கு ஒருவரும் தவறிவிடக் கூடாது என்று அவளே போய் நின்ற இடம் அது.

ஒரு வருசம் மடத்தில் எல்லாரும் சாப்பிடத் தொடங்கிவிட்டார்களாம். பாதிச் சோற்றில் வாசலைப் பார்த்தால், கால் வீங்கின ஒருவர் அப்போதுதான் தவழாத குறையாக வந்து சேர்கிறார். அக்கா வாயில் வைத்த சோற்றைத் துப்பிவிட்டு எழும்பினாளாம். அன்றைக்கு அவள் போட்ட சட்டம்தான் எங்கள் கூட்டத்தில் இன்றைக்கும் சட்டம் — கடைசிச் சாமி வந்து, தலை எண்ணி, தன் இலையில் கை வைக்கும் வரைக்கும் ஒருவரும் ஒரு பருக்கையும் தொடப்படாது.

ஒவ்வொரு மடத்திலும் கையில் உள்ள பிரம்பால் ஒவ்வொருவருடைய தலையிலும் மெதுவாகத் தட்டி எண்ணுவாள். கடைசியில் தன் தலையிலும் ஒரு தட்டு. "இருபத்திமூணு." அந்தச் சொல் விழுந்த பிறகுதான் சோறு. நாகம்மா மாமிக்கு அந்தச் சட்டத்தில் எவ்வளவு கோபம் என்று நான் சொல்லவே வேண்டாம்.

நான் இரண்டு முறை அக்காவோடு நடந்தேன். இரண்டு முறையும் அந்தப் பிரம்பு அதிகமாகத் தொட்டது என் முதுகைத்தான். நான் அவ்வளவு மந்தம். பறுவதம் கடைசியில் வருவதே தங்கச்சியைத் தள்ளிக்கொண்டு வரத்தான் என்று ஊரில் ஒரு பகிடி இருந்தது.

போன ஆடியில் எங்கள் கூட்டம் நடக்கவேயில்லை. அதற்கு முன்னம் வந்த காய்ச்சல் ஊரைப் பாதியாக்கிப் போட்டது. கொயினாத் தண்ணீர் குடித்துக் குடித்து எல்லாருடைய காதும் இரைந்துகொண்டிருந்த காலம். கூட்டத்தில் ஏறக்குறைய எல்லாருக்கும் வந்தது. எல்லாரும் எழும்பினார்கள். எழும்பாதது ஒரே ஒரு ஆள்.

இந்த வைகாசியில் ஆண்டுத் திவசம் முடிந்தது. ஆடியில் கூட்டம் மறுபடி புறப்பட்டது. அதே ஆட்கள். புதிதாக ஒருவரும் சேரவில்லை. நானும் அக்காவின் மஞ்சள் சாயச் சேலையை உடுத்து, அவள் பிரம்பை எடுத்துக்கொண்டு வள்ளத்தில் ஏறினேன்.

இரண்டாம் நாள் விடிய, கொக்கட்டிச்சோலையில் மாமா வேலை எடுத்து வரிசை பிடிக்கச் சொன்னார். எல்லாரும் நின்றார்கள். கடைசி இடம் சும்மா கிடந்தது. ஒருவரும் போகவில்லை. மாமா திரும்பிப் பார்த்தார். 

நான் போய் நின்றேன்.

சிரிப்புத்தான் முதலில் வந்தது. நாகம்மா மாமி சும்மா இருப்பாரா?

"இவளா கா பின்னுக்கு? அப்ப இவளத் தள்ளிக்கிட்டு வர இன்னொரு ஆள் பாருங்க."

மாமா சிரிக்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "ஒரு ஆளையும் விடமாட்டாய்தானே?"

"விடமாட்டன்."

அவ்வளவுதான். அரோகரா சொல்லி நடை தொடங்கிவிட்டது. சொல்லிவிட்டேனே தவிர, எனக்குப் பயம்தான். அக்கா ஏழு முறை ஒருவரையும் விடாதவள். நான் ஒரு நாளிலேயே யாரையாவது விட்டுவிட்டால்? பிறகு அந்தப் பிரம்பை எந்த முகத்தோடு வீட்டுக்குக் கொண்டுபோவது?

வழி எப்படி என்று கேட்பவர்களுக்கு: ஒரு பக்கம் ஆறு, மற்றப் பக்கம் வயல்வட்டை. நடுவில் நாங்கள். நெற்கதிரைச் சூடு மிதிக்கிற காலம். களத்தில் எருமைகள் வட்டமாகச் சுற்றுகின்றன. வைக்கோல் தூள் மேற்கே இருந்து வீசுகிற கச்சான் காற்றில் பறந்து வந்து கண், மூக்கு, வாய் எல்லாவற்றிலும் ஒட்டுகிறது. அந்தக் காற்று சும்மா காற்றா? அடுப்பு வாயைத் திறந்து வைத்த மாதிரி.

களத்தில் நின்ற ஒருவர் எங்கள் வேலைக் கண்டதும் ஓடி வந்து மறித்தார். ஒரு முட்டி எருமைத் தயிர். தன் வயலைத் தாண்டிப் போகிற சாமிமார் வெறும் வயிற்றோடு போகக்கூடாதாம். யாரென்றே தெரியாத மனிசன். இதற்குத்தான் நடக்க வேண்டும் தபால்காரரே! பஸ்ஸை மறித்து யாராவது தயிர் கொடுப்பார்களா?

நாகம்மா மாமி மூன்று முறை வாங்கிக் குடித்தார். அதோடு அவர் நடை முடிந்தது. மரத்துக்கு மரம் நிழல். நிழலுக்கு நிழல் வெற்றிலை. வேல் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போய்விட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பிரம்பால் மாமியின் முதுகில் மெதுவாக ஒரு தொடுகை.

மாமி திரும்பி என்னைப் பார்த்தார். ஏச்சு வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. பிரம்பைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார். வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு எழும்பி நடந்தார். அப்படி மாமி நடந்ததை நான் பார்த்ததே இல்லை.

மத்தியானம் பழுகாமம். ஊர்ச் சனம் மரத்தடியில் கஞ்சி காய்ச்சி வைத்திருந்தது. குடித்தோம். கொஞ்சம் சரிந்தோம். வெயில் தணியும் முன்பே மாமா எழுப்பிவிட்டார். திரும்பவும் நடை. பின்னேரம் கால் என்னுடையது போல இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், நம்புங்கள் — அன்றைக்கு எனக்கு என் காலைப் பற்றி நினைக்க நேரம் கிடைக்கவில்லை. முன்னால் போகிறவர்களின் காலையே பார்த்துக்கொண்டு போனேன். யார் நொண்டுகிறார், யாருக்குத் தலை சுற்றுகிறது, யார் ஆற்றுப் பக்கம் ஒதுங்கினார்... இதெல்லாம் அக்காவுக்கு எப்படித் தெரியும் என்று முன்பு யோசித்திருக்கிறேன். தெரியாமல் எப்படி? பின்னால் நடக்கிறவளுக்கு எல்லாருடைய முதுகும் புத்தகம்.

பொழுது வயல் பக்கம் சாயும் நேரம் மண்டூர் மடத்துக்கு வந்து சேர்ந்தோம். கடைசியாக மாமி வாசல் ஏற, அவருக்குப் பின்னால் நான் ஏறினேன்.

மடத்தில் சோறு ஆக்கி இறக்கியிருந்தார்கள். பூசணிக்காய்க் கறி வாசம் தெருவுக்கே வந்தது. கை கால் கழுவி வந்து எல்லாரும் பந்தியில் இருந்தார்கள். தாமரை இலை விரித்தாயிற்று. நான் பிரம்பை எடுத்தேன். மாமாவின் தலையில் முதல் தட்டு. வரிசையாகப் போனேன். கடைசியில் என் தலை.

இருபத்திரண்டு.

மறுபடி எண்ணினேன். இருபத்திரண்டு.

 ஒரு ஆள் குறைகிறது! பின்னுக்கு நின்ற முதல் நாளே ஒரு ஆளை விட்டுவிட்டேன். வழியில் எங்கேயோ, யாரோ, இந்தக் கச்சான் காற்றில்...

ஆள் குறையுது என்று சொன்னேன்.  ஒருவரும் அசையவில்லை. மாமா என்னவோ சொல்ல வாயெடுத்தார். மாமி அவருடைய கையைப் பிடித்தார்.

"விடுங்க. போயிட்டு வரட்டும்."

மாமி ஏன் அப்படிச் சொன்னார், ஏன் ஒருவரும் என்னோடு எழும்பி வரவில்லை, ஏன் எல்லாரும் இலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள் — இதெல்லாம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. பிரம்போடு ஓடினேன். மந்தம் என்று பெயர் எடுத்தவள் ஓடினேன்.

வந்த வழியே திரும்பி ஒரு மைல் இருக்கும். மரத்தடி மரத்தடியாகப் பார்த்தேன். கூப்பிட்டேன். யாரென்று கூப்பிடுவது? சாமி, சாமி என்று கூப்பிட்டேன். யார் குறைகிறார் என்று தெரிந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடலாமே என்று, நடந்த வரிசையை மனதுக்குள் ஓட்டினேன். முன்னுக்கு மாமா. இருக்கிறார். அவருக்குப் பின்னால் அவர் மருமகன். இருக்கிறான். பிறகு இவர்... அவர்... எல்லாரும் இருக்கிறார்கள். மாமி இருக்கிறார். மாமிக்குப் பின்னால் நான்.

எனக்குப் பின்னால்?

எனக்குப் பின்னால் அக்கா.

வயல் வரம்பில் குந்தி இருந்துவிட்டேன். இருபத்துமூன்று என்பது அக்காவின் வாயில் கேட்ட கணக்கு. இரண்டு வருசத்துக்கு முந்தின கணக்கு. என் காதில் அது அப்படியே கிடந்திருக்கிறது. நான் தேடி வந்தது யாரை? மடத்தில் இருந்த எல்லாருக்கும் அது விளங்கியிருக்கிறது. எனக்கு மட்டும் விளங்கவில்லை. என் முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

செத்த வீட்டில் நான் அழவில்லை. என்னைக் கல் என்று சொன்னவர்கள் உண்டு. திவசத்திலும் அழவில்லை. அந்த வரம்பில் இருந்து அழுதேன். தனிய. வாய்விட்டு. கொக்குகள் எழும்பிப் பறக்கும் அளவுக்கு.

அப்போதுதான் அந்தக் குரல்.

"அக்கா..."

நிமிர்ந்து பார்த்தேன். கொஞ்சம் தள்ளி, ஆற்றோரம், ஒரு மருத மரம். அதன் வேரில் ஒரு பெண் இருந்தாள். மடியில் சின்னத் துணிப் பொட்டளி. ஒரு காலைத் தூக்கி மற்றக் கால் மேல் வைத்திருந்தாள். கால் முழுக்க இரத்தம்.

"அக்கா, வந்திட்டீங்களா?"

என்னை ஒருவரும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. நான் வீட்டில் கடைசி. என்றாலும் என் வாய் சொல்லிவிட்டது. "ஓம். வந்திட்டன்."

கிட்டப் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. நீங்க அந்த அக்கா இல்லையே என்றாள். சேலையைக் கண்டு அவள் நினைத்துவிட்டாள்.

அவள் பெயர் செல்லம்மா. பழுகாமத்துப் பெண். இரண்டு வருசத்துக்கு முன்னம் எங்கள் கூட்டம் கஞ்சி குடிக்க நின்றபோது கைக்குழந்தையோடு வந்து அக்காவோடு கதைத்திருக்கிறாள். பிள்ளைக்கு வலிப்பு வந்து பிழைத்ததாம், கதிர்காமத்துக்கு நடந்து வருவதாக நேர்த்தி வைத்திருக்கிறாளாம், தனிய எப்படி வருவது என்று கேட்டிருக்கிறாள். அக்கா என்ன சொன்னாளாம் தெரியுமா?

"பிள்ளை நடக்கட்டும். அடுத்த முறை வா. சுணங்கினாலும் பயப்படாத, பின்னால வா. பின்னுக்கு நான்தான் வருவன்."

இந்த முறை, நாங்கள் போகிற அன்றைக்கென்று பிள்ளை விடாமல் அழுதிருக்கிறது. நித்திரையாக்கித் தன் தாயிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்தால் நாங்கள் போய்விட்டோம். எட்டி நடந்திருக்கிறாள். தூரத்தில் வரிசையின் கடைசியில் மஞ்சள் சேலை. கூப்பிட்டிருக்கிறாள். காற்றுக் குரலைக் கொண்டுபோய்விட்டது. கிட்டவாகப் பிடிக்கலாம் என்று ஆற்றோரத்தால் குறுக்கே இறங்கியதில் மட்டி ஓடு உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. அதற்குமேல் நடக்க முடியவில்லை.

"பயமா இல்லையா?" என்று கேட்டேன். இருட்டப் போகிறது, தனிய, ஆற்றங்கரை.

"அக்கா எண்ணிப் பார்த்திட்டு வருவா எண்டு இருந்தன்."

அவளுக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. மழை வரும், பொழுது விடியும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். எனக்கு நெஞ்சு எப்படி நிமிர்ந்தது என்று எழுதத் தெரியவில்லை. ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிற, முன்பு ஒரே ஒரு முறை பார்த்த ஒருத்தி, என் அக்காவின் ஒரு சொல்லை இரண்டு வருசம் வைத்திருந்து, அதை நம்பி இரத்தக் காலோடு மரத்தடியில் இருக்கிறாள். எந்த ராசாவுக்கு இந்த மரியாதை கிடைக்கும்?

"அக்கா எங்க?" என்றாள்.

"முன்னுக்குப் போயிட்டா. அதாலதான் நான் பின்னுக்கு."

 சேலைத் தலைப்பைக் கிழித்து அவள் காலைக் கட்டினேன். அக்காவின் சேலை.  அக்காவாக இருந்தால் இதற்குள் இரண்டு கிழி கிழித்திருப்பாள்.

அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு புறப்பட்டோம். பத்து எட்டுப் போவதற்குள், பழுகாமப் பக்கமிருந்து ஒரு மாட்டு வண்டி வந்தது. சாரனும் புடவையும் விற்கிற காத்தான்குடிக் காக்கா ஒருவர் — முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்றுதான் சொல்வோம். வெட்டுக் காலமென்றால் வயற்கரையில் நல்ல வியாபாரம் அவர்களுக்கு. நிறுத்தி ஏறச் சொன்னார். செல்லம்மா தலையாட்டினாள். நேர்த்தி. ஏறப்படாது.

காக்கா விளங்கிக்கொண்டார். "சரி புள்ள. நேர்த்தி எண்டா ஏறாதீங்க. பொட்டளியத் தாங்க. நான் மெல்ல வாறன், லாந்தர் வெளிச்சத்தில நடங்க."

அப்படியே வந்தோம். வண்டிக்குக் கீழே லாந்தர் ஆடியது. அந்த வெளிச்சத்துக்குள் எங்கள் மூன்று நல்ல காலும் ஒரு கட்டுப் போட்ட காலும். காளைகளும் எங்களைப் போலவே நடந்தன. வீட்டுக்குப் போகிற வண்டியை ஒரு மைலுக்கு நொண்டியின் வேகத்தில் ஓட்டி வருவது லேசான வேலையா? ஒரு வார்த்தை அலுத்துக்கொள்ளவில்லை மனிசன். மடத்து வாசலில் பொட்டளியைத் தந்துவிட்டு, போயிட்டு வாங்க, நல்லா முடியும் என்று சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

வாசலில் நின்று உள்ளே பார்த்தேன்.

விளக்கு ஏற்றியிருந்தார்கள். இருபத்தொரு இலையிலும் சோறு விழுந்திருந்தது. கறி விழுந்திருந்தது. ஒரு இலையிலும் ஒரு விரலும் படவில்லை. நான் எப்போது போனேன்? எப்போது வருகிறேன்? அவ்வளவு நேரமும் காலை மடித்து இருந்தபடி இருக்கிறார்கள். என் இலை ஓரத்தில் விரித்தபடி இருந்தது.

அரை மணித்தியாலம் பசி தாங்காத நாகம்மா மாமி, இரண்டு கையையும் மடியில் கோத்து, சோற்றைப் பார்க்காமல் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈ விரட்டக்கூடக் கையை எடுக்கவில்லை. எடுத்தால் தானாகச் சோற்றுக்குப் போய்விடும் என்ற பயமாக இருக்கும்.

என் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தவளைக் கண்டதும் எல்லாருடைய முகமும் ஒரு மாதிரியானது. அவர்கள் நினைத்தது, நான் அழுது முடித்து வெறுங்கையோடு வருவேன் என்று.

பறுவதத்தைத் தேடி வந்தவள் என்று நான் சொன்னேன். அக்கா சொன்ன சொல்லையும் சொன்னேன். அக்கா இப்போது இல்லை என்பதையும் அங்கே வைத்துத்தான் செல்லம்மாவுக்குச் சொன்னோம். அவள் அழுத அழுகை... ஒரே ஒரு முறை கண்டவளுக்கு அப்படியும் அழலாமா? மாமி அவளை இழுத்துத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார். மடத்தார் இன்னொரு இலை கொண்டுவந்து விரித்தார்கள்.

மாமா என்னைப் பார்த்தார்.

"எண்ணு சாமி."

அக்காவைத்தான் அவர் அப்படிச் சொல்வார். அவ்வளவு காலத்தில் வேறு ஒருவருக்கும் சொன்னதில்லை.

எண்ணினேன்.  மாமாவின் தலை. அவர் மருமகன் தலை. வரிசையாக... மாமியின் தலை. செல்லம்மாவின் தலை, இருபத்திரண்டு. கடைசியில் என் தலையில் நானே ஒரு தட்டுத் தட்டினேன்.

"இருபத்திமூணு."

 பிறகு மாமா வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பறுவதம் ஒரு நாளும் பிழையா எண்ணினதில்ல."

கதிர்காமம் வரைக்கும் இருபத்துமூன்று பேர் நடந்தோம். இருபத்துமூன்று பேரும் போய்ச் சேர்ந்தோம். செல்லம்மா கட்டுக் காலோடு முழுத் தூரமும் நடந்தாள். காட்டு வழியில் இரண்டு முறை இனி ஏலாது என்று இருந்தாள். இரண்டு முறையும் முதுகில் பிரம்பு. திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். எழும்பி நடப்பாள். ஒவ்வொரு மடத்திலும் நான் கை வைத்த பிறகுதான் எல்லாரும் கை வைத்தார்கள். இப்போது ஊரில் என்னை மந்தம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. பெருமையாகத்தான் சொல்கிறேன். சொன்னால் என்ன? அக்கா இருந்தால் அவளே நாலு பேருக்குச் சொல்லியிருப்பாள்.

வேல் பிடிக்கப் போட்டி போட எல்லா ஊரிலும் ஆள் இருக்கிறது. அந்த இடத்துக்கு மாலையும் விழும். பின்னால் ஒரு இடம் இருக்கிறதே, அங்கே நின்று பாருங்கள். மாலை விழாது. புழுதிதான் விழும். ஆனால் ஆற்றுக்கு அந்தக் கரையில் யாரோ ஒருத்தி உங்களை நம்பிப் பயமில்லாமல் மரத்தடியில் இருப்பாள்.

நாகம்மா மாமி மட்டும் ஊருக்கு வந்த நாளிலிருந்து வீடு வீடாகப் போய்ச் சொல்லித் திரிகிறார் — இந்தச் சின்னவளால் மண்டூர் மடத்தில் பச்சைத் தண்ணீர் மாதிரி ஆறின சோறு தின்ன வேண்டி வந்ததாம்.

ஆறியா இருந்தது?... எனக்கென்றால் வாய் சுட்டது.